இடது கை சொன்ன பிரஷர்

என் இடது மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கிறவர்கள் முதலில் தங்கள் விரலைத்தான் சந்தேகப்படுவார்கள். அழுத்திப் பார்ப்பார்கள், இடம் மாற்றிப் பார்ப்பார்கள், கடைசியில் என் முகத்தைப் பார்ப்பார்கள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்ட நான் சிரித்துவைப்பேன். அந்தக் கைக்குப் போக வேண்டிய பெரிய ரத்தக்குழாயை, நான் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் வெட்டி, வேறொரு வேலைக்குப் பயன்படுத்திவிட்டார்கள்.

இதயத்திலிருந்து கிளம்பி உடம்பு முழுக்க ரத்தம் கொண்டுபோகிற பெருந்தமனி எனக்குப் பிறவியிலேயே ஓரிடத்தில் கயிறு போட்டு இறுக்கியதுபோலக் குறுகி இருந்ததாம். அதற்கு மேலே தலைக்கும் கைகளுக்கும் ரத்தம் முட்டிக்கொண்டு போகும். கீழே கால்களுக்குப் போவது பேருக்குத்தான். இடது கைக்குப் போகும் குழாயை அறுத்து, மடித்து, ஒட்டுத் துணி வைத்துத் தைப்பதுபோலத் தைத்து அந்தக் குறுகலை அகலப்படுத்தினார்கள். கைக்கு வேண்டிய ரத்தம் சின்னச் சின்னக் கிளைகள் வழியாகச் சுற்றி வந்து சேர்ந்துகொண்டது. அதனால் என் இடது கை பூப்பறிக்கும், துணி பிழியும், கோபம் வந்தால் ஒரு அறைகூட விடும். பிரஷர் பார்த்தால் மட்டும் எப்போதும் குறைவாகக் காட்டும். அது என் பிரஷர் அல்ல, அந்தக் கையின் பிரஷர். என்னுடையது வலது கையில் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அந்தச் சீட்டு எங்கள் தாடிக்கொம்பு வீட்டில் இரும்புப் பெட்டியின் அடியில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே கிடந்தது.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. வரிசையில் நின்ற நான் வலது கையை நீட்டினேன். அளவைப் பார்த்த டாக்டர் திகைத்து, ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தார். இடது தோள்பட்டைக்குக் கீழே வளைந்து ஓடும் தழும்பு அவர் கண்ணில் பட்டது. "என்னம்மா ஆபரேஷன் இது?" என்று ஊருக்கே கேட்கும் குரலில் கேட்டார். மறுநாளிலிருந்து எனக்கு 'ஆபரேஷன்' என்று பெயர். நான் அதற்கு அழவில்லை. இரண்டு பேரைக் கிள்ளிவைத்தேன். அழுதது அம்மாதான். "இது தெரிஞ்சா நாளைக்கி எவன் கட்டுவான்" என்று அழுதார்.

அம்மா புத்திசாலி. வினையே அதுதான். அடுத்த வருடம் முகாம் வந்தபோது காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏ புள்ள, யாரு கேட்டாலும் எடது கையவே குடு. அதுல கொறச்சலாத்தான் காட்டும். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாக." சொன்னபடியே ஒருவரும் கேட்கவில்லை. கல்லூரியில் கேட்கவில்லை, பிறகு திண்டுக்கல் நூல் மில் ஒன்றின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த பரிசோதனையிலும் கேட்கவில்லை. கல்யாணம் பேசியபோது மட்டும், முதுகில் சின்ன வயதில் கட்டி வந்து அறுத்தது என்று அம்மா தானாகவே ஒரு வார்த்தை போட்டுவைத்தார். தையல்காரரிடம் முதுகு உயர்த்தித் தைக்கச் சொல்லிப் பன்னிரண்டு ரவிக்கை தயாரானது. நான் பழனிப் பக்கத்துப் பாலசமுத்திரத்துக்குப் போனேன்.

வாழ்க்கைப்பட்டது தென்னந்தோப்பு வீடு. கணவர் தேங்காய் லோடு ஏற்றி அனுப்புகிறவர், நல்ல மனிதர். ஆனால் அவர் காதில் ஒன்றைப் போடுவதும் பஞ்சாயத்து மைக்கில் போடுவதும் ஒன்று. சாயங்காலத்துக்குள் தன் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும் அவருக்கு. என் மாமியார் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. எதிர்த்துப் பேசியிருப்பேன், கோபித்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். அவரோ என்னை 'அம்மிணி' என்பதைத் தவிர வேறு சொல்லால் கூப்பிட்டதில்லை. பெண் பிள்ளை இல்லாத வீடு. நான் தலைக்கு ஊற்றினால் சாம்பிராணிப் புகையோடு வந்து நிற்பார். "இன்னொரு தடவ போட்டுக்கோ சாமி" என்று என் தட்டில் கரண்டியைச் சாய்ப்பார்.

நான் உண்டானபோது என்னைத் துணைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். நர்சம்மா பிரஷர் மிஷினை விரித்துவைத்து, "கையக் குடும்மா" என்றார். பதினைந்து வருடப் பழக்கம். நான் யோசிக்கக்கூட இல்லை. இடது கை தானாகப் போய் மேஜைமேல் படுத்துக்கொண்டது.

"தொண்ணூறுக்கு அறுபது. லோ பிரஷர். உப்புப் போட்டு எலுமிச்சம்பழ ஜூஸ் குடுங்க, தெம்பா இருக்கும்" என்றார் நர்சம்மா.

"கேட்டுக்கிட்டயா அம்மிணி. அதான் மூஞ்சியே வெளுத்துக் கெடக்குது" என்றார் மாமியார்.

அன்றைக்குத் தொடங்கியது. காலை பத்து மணிக்கு உப்புப் போட்ட எலுமிச்சம்பழ ஜூஸ். மதியம் உப்புக் கூட்டிய மோர், கூடவே மோர் மிளகாய் நாலு. சாயங்காலம் இளநீர், அதிலும் ஒரு சிட்டிகை. தோப்பில் எவ்வளவு வேலை இருந்தாலும் பத்து மணிக்குச் சரியாக வந்துவிடுவார். டம்ளரின் அடி தெரிகிற வரை எதிரில் நிற்பார். வாங்கிக் குடிக்கிற என் மனசுக்குள் ஒரு குரல் வலது கை, வலது கை என்று கத்தும். எனக்கு எரிச்சலாக வரும். அவர்மேல் இல்லை, என் மேல்தான். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்த வாக்கியம் வாயில் ஏறவில்லை. அதைச் சொன்னால் அதற்கு முந்தியதும் சொல்ல வேண்டும். கட்டி என்று சொன்னது பொய், பன்னிரண்டு ரவிக்கையும் பொய், பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா சிரித்த சிரிப்பும் பொய். ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று வயிற்றுப் பிள்ளையோடு திருப்பி அனுப்பினால் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்று நினைத்து நினைத்து, டம்ளரை வாங்கிக் குடித்துவிடுவேன்.

ஐந்தாம் மாதம் பிடரியில் வலி வந்தது. குனிந்தால் கழுத்தில் தம் தம் என்று அடித்தது. நாலு நாள் அம்மா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று தாடிக்கொம்பு வந்தேன். அம்மாவும் அப்பாவும் யாருக்கும் சொல்லாமல் என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார்கள்.

இதய டாக்டர் வலது கையில்தான் பார்த்தார். நூற்று அறுபத்தைந்துக்கு நூறு. அப்புறம் நெஞ்சில் பசை தடவி எக்கோ எடுத்தார். முடித்துவிட்டு மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு குழாய் வரைந்தார். மேல் பாதிக்குச் சுவர் தடிமனாக, கீழ் பாதிக்கு மெல்லிசாக.

"ஒரே குழாய்தான். மேல அழுத்தம் ஜாஸ்தி இருந்ததால சுவரு தடிச்சிருக்கு. கீழ அழுத்தம் வரல, அதனால மெல்லிசு. எதுக்கு எவ்வளவு கெடச்சதோ அதுக்குத் தக்கபடி தன்னக் கட்டிக்கிருச்சு" என்றார்.

பூந்தோட்டக்காரரான அப்பாவுக்குத் தெரிந்த குழாய் மோட்டார் ஹோஸ் ஒன்றுதான். "எங்க மோட்டார் ஹோஸ் அழுத்தம் தாங்காம வெடிக்கிதுங்கய்யா. இது தடிக்கிதுன்னா நல்லதுதானே?" என்று கேட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஹோஸுக்கு உயிரில்ல. அழுத்தினா தேஞ்சு வெடிக்கும். இதுக்கு உயிர் இருக்கு, தாங்கணும்னு கெட்டியாகும். ஆனா கெட்டியானது வளைஞ்சு குடுக்காது. நல்ல குழாய் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிஞ்சு சுருங்கும். அதுக்குன்னு சுவருக்குள்ள ரப்பர் மாதிரி நார் இருக்கு. தடிச்ச சுவர்ல அந்த நார் அறுந்து போயிரும். அப்புறம் அழுத்தம் இன்னும் ஏறும், இன்னும் தடிக்கும். தாங்குது தாங்குதுன்னு நாம நெனச்சுக்கிட்டு இருக்கையிலேயே, எங்கயாவது ஒரு எடத்துல தளந்து புடைக்கும். இவங்களுக்குத் தையல் போட்ட எடத்துக்கிட்ட லேசாப் புடைச்சிருக்கு."

"குழந்தைக்கு?" என்றேன்.

"அழுத்தத்த அடக்கி வச்சா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகாது. அடக்காட்டா, பிரசவத்தப்ப அந்தச் சுவர் கிழியலாம். மாத்திரை விடக் கூடாது. உப்பு அறவே கூடாது. பிரசவம் இந்த மாதிரி ஆஸ்பத்திரியிலதான். மாமியார் வீட்டுல எல்லாருக்கும் இது தெரியும்தானே?"

"தெரியும்ங்கய்யா" என்றார் அம்மா. டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அம்மாவை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தத் தலை என்னுடையது.

பஸ்ஸில் வரும்போது அம்மா கணக்குப் போட்டுவிட்டார். "ஏழாம் மாசம் வளகாப்புப் போட்டு உன்னைய இங்க கூட்டியாந்துருவோம்ல. தலைப்பிரசவம் நம்ம பொறுப்பு. அப்பறம் மதுரக்கிப் போனா என்ன, எங்க போனா என்ன, எவன் கேக்கப் போறான். இன்னும் ரெண்டே மாசந்தான், பல்லக் கடிச்சுக்கிட்டு இரு தாயி." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே தெரிந்த மலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவுக்குள் போட்டு எடுத்துப்போனேன். மாத்திரைக்கு வழி கண்டுபிடித்தாயிற்று, உப்புக்குத்தான் வழியில்லை. மாமியார் நிற்கும்போது குடிக்க வேண்டியிருந்தது. அவரை யாராவது கூப்பிட்டுத் திரும்பினால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்த கறிவேப்பிலைச் செடியின் தூரில் ஊற்றிவிடுவேன். மூன்று வாரத்தில் அந்தச் செடி இலை நுனி கருகி உதிர ஆரம்பித்தது. மாமியாருக்கு அது ஆசையாக வைத்த செடி. என்ன பூச்சி என்று தெரியாமல் புளித்த மோர் கொண்டுவந்து ஊற்றினார். "நல்லாத்தானே இருந்துச்சு" என்று தினமும் ஒருமுறை அதனிடம் கேட்டார். ஒரு பக்கம் அவர் எனக்கு ஊற்ற, மறு பக்கம் நான் செடிக்கு ஊற்ற, மூன்று பேரில் உண்மையைக் காட்டியது அந்தச் செடி ஒன்றுதான்.

ஏழாம் மாதம் பிறக்கும் முன்பே நாள் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழாம் மாதம் ஆடியில் வருகிறது. ஆடியில் வளைகாப்பு செய்ய மாட்டார்கள். எட்டாம் மாதம் இரட்டைப்படை, அதிலும் செய்ய மாட்டார்கள். "ஒம்பதாம் மாசம் ஜம்முனு பண்ணிக்கலாங்" என்று மாமியார் என் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். வளைகாப்புப் போடாமல் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் பேச்சே அந்த வீட்டில் கிடையாது. அதோடு, லோ பிரஷர்காரியை எதற்குப் பஸ்ஸில் அலைக்கழிப்பது என்று வேறு சொல்லிவிட்டார்.

எங்கள் பொய்யே என்னைக் கட்டிப் போட்டது. நான் பின்கட்டுக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஒம்பதாம் மாசம் வரைக்கும் ஆகாதும்மா. சொல்லிருவோம்."

"சொல்லி? கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவாக. இம்புட்டு நாள் பொறுத்த, இன்னும் செத்த நாளு பொறு. மாத்தரதான் திங்கிறேல்ல?"

"பல்லைத்தான்மா கடிக்க முடியும். ரத்தக்குழாயக் கடிச்சுக்கிட்டு இருக்க முடியாது."

அம்மா அழ ஆரம்பித்தார். நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு நிலைவாசலில் உட்கார்ந்து தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பக்கமும் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பழனிக்குப் போகிற பஸ் சத்தம் கேட்டது. ஏறிப் பழனியில் மாறினால் இரண்டு மணி நேரத்தில் திண்டுக்கல். என்னால் எழுந்து வாசல் கேட் வரைகூடப் போக முடியவில்லை. கால் இருந்தது, வழி இருந்தது, யாரும் பூட்டவும் இல்லை. வயிற்றுக்குள் இருந்தது அப்போது பார்த்து உதைத்தது. இதுவும் இடது கையை நீட்டியே பிறக்கப்போகிறது என்று தோன்றியது. அந்த நினைப்புத்தான் என்னை உலுக்கியது.

எட்டாம் மாதத் தொடக்கத்தில் நர்சம்மா வீட்டுக்கே வந்தார். முன்கூடமான ஆசாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாமியார் பத்து மணி டம்ளரோடு பக்கத்தில் நின்றார். காலையிலிருந்தே எனக்குக் கண்முன் பூச்சி பறந்தது.

"கையக் குடும்மா."

இடது கை எழுந்தது. அதை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு, வலது கையை நீட்டினேன். அந்த ஒரு முழத் தூரம் கையைக் கொண்டுபோக எனக்குப் பதினாறு வருடம் ஆகியிருக்கிறது.

நர்சம்மா பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மிஷினைத் தட்டிப் பார்த்தார். மறுபடி அடித்தார். அவர் முகம் மாறியது. "நூத்தி எழுபதுக்கு நூத்திப் பத்து. இது எப்படி? போன மாசம் தொண்ணூறு இருந்துச்சே. மிஷின் கெட்டுப்போச்சா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. நாந்தான் தப்பான கையக் குடுத்தேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதக் குழந்தையிலிருந்து மதுரை டாக்டர் வரைந்த குழாய், உப்பு அறவே கூடாது என்றது வரைக்கும். நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்ற பயத்தில் மூச்சு விடாமல் சொன்னேன். நர்சம்மா ஏற்கெனவே போனை எடுத்து ஆம்புலன்சுக்குப் பேசத் தொடங்கியிருந்தார். மாமியார் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். மெதுவாக நடந்து பின்கட்டுக்குப் போனார். அங்கே கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இதுக்கும் நீதான் ஊத்துனயா?"

"ஆமாங்க அத்தை."

"செடிக்கு ஊத்துனது போக மிச்சம்?"

அவர் உட்கார்ந்துவிட்டார். "ஒடம்பு சரியில்லாத புள்ளைன்னு சொல்லியிருந்தா நாங்க என்ன, கடிச்சா தின்னுருப்போம்? சரி, பயந்துட்ட. அது போகுட்டும். ஆனா தெனமும் என்ற கையில இருந்து வாங்கிக் குடிச்சயே அம்மிணி. உள்ள போறது வெசம்னு தெரிஞ்சுக்கிட்டே, என்ற மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே குடிச்சயே. உனக்கு ஒண்ணு ஆயிருந்தா, நாந்தானே கொன்னிருப்பேன்? எனக்குத் தெரியாமயே என்னையக் கொலகாரி ஆக்கப் பாத்தயே."

திட்டுவார், திருப்பி அனுப்புவார் என்று எத்தனையோ விதமாக நினைத்துப் பயந்திருந்தேன். இது அந்த வரிசையிலேயே இல்லை.

திருப்பி அனுப்பவில்லை. என்னோடு ஆம்புலன்சில் ஏறியதே அவர்தான். கணவர் லோடை அப்படியே விட்டுவிட்டு நேராக மதுரைக்கு வந்து சேர்ந்தார். ஒன்பதாம் மாதம் வளைகாப்புக்குப் பதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலது கையில் பிரஷர் பட்டையோடு கிடந்தேன். அழுத்தத்தை அடக்கி, நாள் குறித்து, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. அதன் இதயத்தையும் எக்கோ எடுத்துப் பார்த்தார்கள், குறுகல் இல்லை. என் அம்மா வராண்டாவில் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லதுக்குத்தான் மறைத்தோம் என்று அழுதார். மாமியார் கையை உருவிக்கொள்ளவில்லை, குழந்தை இருந்த அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் முன் டாக்டரிடம் கேட்டேன், இனி பிரஷர் அடங்கியிருந்தால் அந்தத் தடித்த சுவர் பழையபடி ஆகிவிடுமா என்று. "இனிமே தடிக்காம பாத்துக்கலாம். அறுந்த நார் திரும்ப முளைக்காதும்மா" என்றார்.

பெண்ணுக்கு இப்போது மூன்று வயது. சோறு குழம்பு எல்லாம் தோப்பு வீட்டில் அடுப்பிலிருந்து உப்பில்லாமல்தான் இறங்குகிறது. வேண்டியவர்கள் தங்கள் தட்டில் போட்டுக்கொள்கிறார்கள். மாமியார் ஒரு பிரஷர் மிஷின் வாங்கிவைத்திருக்கிறார். பத்து மணி ஆனால் இப்போதும் வருகிறார், டம்ளருக்குப் பதில் மிஷினோடு. எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பதே இல்லை. நானாக, "நல்லாத்தான் இருக்கேங்க அத்தை" என்று சொன்னாலும், "கையக் காட்டு" என்பார். நான் வாயால் சொல்வதை அவர் அன்றைக்கே கேட்பதை நிறுத்திவிட்டார் என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. புரிந்ததும் அழுதேன்.

வலது கையில் பார்த்து அளவை நோட்டில் எழுதுவார். பிறகு பட்டையைக் கழற்றி இடது கையில் கட்டுவார். தினமும். போன வாரம் தாங்க முடியாமல் சொன்னேன்.

"அது பொய்தானே அத்தை சொல்லும். அதுல எதுக்குப் பாக்கறீங்க?"

அவர் காற்றடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் அம்மிணி. எவ்வளவு பொய் சொல்லுதுன்னு பாத்து வெச்சுக்கோணும்."